'டெலிகிராஃப்', 'டெலிபோன்': பொருள் வேறுபாடும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

0. முன்னுரை

0.1 ஒரே துறையைச் சார்ந்த இரு கருவிப் பெயர்களுக்கு இடையேயுள்ள பொருள் வேறுபாட்டை, அக்கருவிகளைச் சுட்டிக் காட்டுவதன் மூலமே தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் அகராதி தொகுப்போரிடமும் கலைச்சொல் ஆக்குவோரிடமும் பரவலாகக் காணப்படுகிறது. இதனைச் சுட்டினால் 'டெலிகிராஃப்', அதனைச் சுட்டினால் 'டெலிபோன்'. முன்னதற்குத் 'தந்தி', பின்னதற்குத் 'தொலைபேசி' என்று இணை எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் பணி முடிந்துவிடுவதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் இவ்விரு ஆங்கிலச் சொற்களும் இரு நாடுகளின் நீதிமன்றங்களில் வழக்குப் பொருளாகி, ஒரு நாட்டில் ஒன்றை ஒன்று உள்ளடக்குவன என்றும், மற்றொரு நாட்டில் ஒன்றை ஒன்று விலக்குவன என்றும் முடிவு காணப்பட்டவை. சுட்டப்படும் கருவிகள் இரு நாடுகளிலும் ஒன்றே. சொற்களின் பொருளெல்லையே வேறு.

0.2 இந்த எல்லை எவ்வாறு அமைந்தது, எவ்வாறு நகர்ந்தது, தமிழ்ச் சொற்கள் அந்நகர்ச்சியைத் தாங்குகின்றனவா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பொதுவழக்கு, சட்டவழக்கு ஆகிய இரண்டும் தனித்தனியே நோக்கப்படுகின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன் என்னும் சொற்பட்டியல் முறையின் போதாமை அதன்வழிப் பெறப்படும்.

1. சொற்களின் தோற்றம்

1.1 'டெலிகிராஃப்' என்ற சொல்லின் உறுப்புகள் கிரேக்க மொழியைச் சார்ந்தவை. 'டெலி' என்பது தொலைவு. 'கிராஃப்' என்பது எழுதுதல். இச்சொல் மின்சாரத்துக்கோ கம்பிக்கோ இடப்பட்ட பெயரன்று. 1790-களில் பிரான்சு நாட்டில் கிளோது ஷாப் என்பவர் உயரமான கோபுரங்களின் மேல் அசையும் மரக்கைகளைப் பொருத்தி, அவற்றின் நிலைகளால் செய்தி அனுப்பும் முறையை உருவாக்கினார். முதலில் அவர் எண்ணிய பெயர் 'விரைவெழுதி' என்னும் பொருளுடையது. விரைவைக் காட்டிலும் தொலைவே அக்கருவியின் சிறப்பு என்று கருதப்பட்டுத் 'தொலைவெழுதி' என்னும் பொருளுடைய பெயர் பின்னர் நிலைத்தது. பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையிலான தடம் 1794 இல் செயற்பட்டது. ஆங்கிலத்திலும் அதே பத்தாண்டில் இச்சொல் நுழைந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கே சுனார் நோக்கி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பப்பட்ட கோபுரங்களும் இவ்வகையினவே.

1837 இல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் ஆகியோரின் கருவியும், 1844 இல் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்சின் கருவியும் செயற்பட்டபோது புதிய பெயர் ஆக்கப்படவில்லை. பழைய பெயருக்கு முன் 'மின்' என்னும் அடை சேர்க்கப்பட்டது. மின்முறை பெருவழக்கானதும் அடை உதிர்ந்தது. அடையற்ற சொல் மின்கருவியையே குறிக்கலாயிற்று. ஆகவே 'டெலிகிராஃப்' என்ற சொல் தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒருமுறை பொருள் விரிவும், அதனையடுத்துப் பொருட்சுருக்கமும் அடைந்துவிட்டது.

1.2 'டெலிபோன்' என்ற சொல்லும் கிரகாம் பெல்லுக்கு முற்பட்டது. தொலைவில் ஒலியைக் கேட்பிக்கும் பல்வேறு அமைப்புகளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பெயர் வழங்கியது. மூடுபனிக் காலத்தில் கப்பல்களுக்கு எச்சரிக்கை தரும் ஊதுகருவி ஒன்றும் அவற்றுள் அடங்கும். ஜெர்மனியில் ஃபிலிப் ரைஸ் 1861 இல் காட்டிய மின்கருவியும் இப்பெயர் பெற்றது. இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1876 மார்ச் 7 அன்று பெல்லுக்கு வழங்கப்பட்ட காப்புரிமையின் தலைப்பில் 'டெலிபோன்' என்ற சொல் இல்லை; 'டெலிகிராஃபி முறையில் ஒரு மேம்பாடு' என்பதே அதன் கருத்து. பிற்காலத்தில் 'டெலிபோன்' எனப்பட்டது, பிறக்கும்போது 'டெலிகிராஃப்' என்ற பேரினத்தின் உட்பிரிவாகவே அறிமுகமாயிற்று.

1.3 'டெலிகிராஃப்' ஒரு துணைச்சொல்லையும் ஈன்றது. கருவிக்கும் அதன்வழி வரும் செய்திக்கும் ஒரே பெயர் வழங்குவது குழப்பம் தந்தமையால், 1852 இல் அமெரிக்காவில் 'டெலிகிராம்' என்ற சொல் செய்திக்கென முன்மொழியப்பட்டது. கிரேக்க இலக்கணப்படி இவ்வாக்கம் பிழையென்று 1857 இல் லண்டன் டைம்ஸ் இதழில் அறிஞர்கள் வாதிட்டனர். வழக்கு அவர்களைப் பொருட்படுத்தவில்லை. கருவிக்கு ஒரு சொல், செய்திக்கு ஒரு சொல் என்ற பிரிவு ஆங்கிலத்தில் உறுதிப்பட்டது. 'டெலிபோன்' என்பதற்கு இத்தகைய துணைச்சொல் தோன்றவில்லை. இதற்கான காரணம் பொருட்கூறுகளை நோக்கும்போது விளங்கும்.

2. பொருட்கூறுகள்

2.1 பொதுவழக்கில் இவ்விரு சொற்களும் 'தொலைவு', 'செய்தி', 'கருவி' என்னும் மூன்று கூறுகளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. வேறுபடுத்தும் கூறுகள் நான்கு எனலாம்.

அ) வடிவம்: முன்னது செய்தியைக் குறிகளாக மாற்றி அனுப்புகிறது, பின்னது பேச்சொலியை மீளத் தோற்றுவிக்கிறது.

ஆ) இடையாள்: முன்னதில் குறிமுறை அறிந்த பணியாளர் இருமுனையிலும் வேண்டும், அனுப்புவோர் கருவியைத் தொடுவதில்லை. பின்னதில் பயன்படுத்துவோரே கருவியைக் கையாள்கின்றனர். இணைப்பகப் பணியாளர் இருந்த காலத்திலும் அவர் வழியைத் திறந்துவிட்டாரேயன்றிச் செய்தியை மாற்றவில்லை.

இ) பதிவு: முன்னது தாளில் எச்சம் விடுகிறது, பின்னது இயல்பாக எச்சம் விடுவதில்லை.

ஈ) மறுமொழி: முன்னது ஒருபோக்கானது; விடை வேறொரு செய்தியாகவே வரும். பின்னது உடனுக்குடன் மாறிமாறிப் பேசும் உரையாடல்.

2.2 மூன்றாம் கூறே துணைச்சொல் சிக்கலுக்கு விடையாகிறது. கையில் கொடுக்கத்தக்க, எண்ணத்தக்க, பாதுகாக்கத்தக்க பொருள் ஒன்று இருந்தமையால் 'டெலிகிராம்' என்ற பெயர்ச்சொல் தேவைப்பட்டது. உரையாடல் அவ்வாறு கைப்பொருளாவதில்லை. எனவே ஆங்கிலம் அங்கே நிகழ்வைக் குறிக்கும் 'அழைப்பு' என்ற தொடரோடு நின்றுவிட்டது.

2.3 ஒரு சொல் மற்றொன்றின் பேரினச் சொல்லா, இணையான சிற்றினச் சொல்லா என்பதை அறிய, அவற்றை உம்மையால் இணைத்துப் பார்ப்பது எளிய சோதனையாகும். 'நாயும் பூனையும்' என்பது இயல்பான தொடர். 'நாயும் விலங்கும்' என்பது அன்று. அமெரிக்கக் குழுமப் பெயர்களில் 'டெலிபோன் அண்ட் டெலிகிராஃப்' என்ற இணைப்பு பரவலாக வழங்கியது. 1885 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் டெலிபோன் அண்ட் டெலிகிராஃப் குழுமம் இதற்குச் சான்று. அங்கு இவை இணைச் சிற்றினங்கள். இந்தியாவிலோ தொலைபேசிப் பணியையும் நடத்திய அரசுத் துறை 1985 வரை 'அஞ்சல் தந்தித் துறை' என்றே பெயர் கொண்டிருந்தது. தொலைபேசி பெயரில் இடம்பெறவில்லை. 'தந்தி' என்பதனுள் அடங்கியதாகவே கொள்ளப்பட்டது. ஒரே இணைச்சொற்கள் இரு நாடுகளின் நிறுவனப் பெயர்களில் இரு வேறு பொருளுறவு கொண்டு நிற்கின்றன.

3. நீதிமன்றத்தில் பொருளெல்லை

3.1 இங்கிலாந்தில் 1869-ஆம் ஆண்டுச் சட்டம் 'டெலிகிராஃப்' பணியை அஞ்சல் துறையின் தனியுரிமை ஆக்கியது. மின்குறிகளால் செய்தியையோ வேறு தொடர்பையோ அனுப்பும் எந்தக் கருவியமைப்பும் அச்சொல்லில் அடங்கும் என்பது அதன் வரையறை. அப்பொழுது பெல்லின் கருவி இல்லை. பின்னர் லண்டனில் எடிசன் தொலைபேசிக் குழுமம் தொழில் தொடங்கியபோது, அது அரசின் தனியுரிமையை மீறுகிறதா என்ற வினா எழுந்தது. தன் கருவி குறிகளை அனுப்பவில்லை, குரலையே கொண்டுசேர்க்கிறது என்பது குழுமத்தின் வாதம்.

1880 டிசம்பரில் தீர்ப்பு அரசுக்குச் சார்பாக வந்தது. தீர்ப்புரைத்த நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தை வரைந்தவர். சட்டம் இயற்றப்பட்டபோது தொலைபேசி அறியப்படாதிருந்தமை பொருட்டன்று என்றும், வரையறையின் சொற்கள் அதனைத் தழுவுகின்றன என்றும், அதன்வழி நிகழும் உரையாடல் அச்சட்டத்தின் பொருளில் 'டெலிகிராம்' ஆகும் என்றும் முடிவு செய்யப்பட்டது. அதன்பின் தொலைபேசிக் குழுமங்கள் அஞ்சல் துறையின் உரிமம் பெற்றே இயங்க வேண்டியதாயிற்று.

மொழியியல் நோக்கில் இத்தீர்ப்பு இரு வகையில் கருதத்தக்கது. முதலாவது, 2.1 இல் கூறப்பட்ட நான்கு வேறுபாட்டுக் கூறுகளில் முதற்கூறு மட்டுமே வாதப்பொருளாயிற்று. இடையாள், பதிவு, மறுமொழி ஆகிய மூன்றும் பயன்படுத்துவோரின் பட்டறிவைச் சார்ந்தவை. அவற்றுக்கு முடிவில் எடை இல்லை. கம்பியில் பாயும் மின்னோட்டத்தின் தன்மை எடை பெற்றது. இரண்டாவது, 'குறி' என்ற சொல்லின் பொருளே உண்மையில் விரிக்கப்பட்டது. பேச்சொலிக்கேற்ப மாறும் மின்னோட்டம் 'குறி' எனப்பட்டவுடன், மீதமுள்ள முடிவு தானே வந்துவிடுகிறது. 'டெலிகிராஃப்' விரிந்ததாகத் தோன்றினும், விரிவின் கருவி அதன் வரையறைக்குள் இருந்த வேறொரு சொல்லாகும்.

3.2 அமெரிக்காவில் நிலை மாறானது. 1866-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் 'டெலிகிராஃப்' குழுமங்களுக்கு அஞ்சல் சாலைகளை ஒட்டிக் கம்பித்தடம் அமைக்கும் உரிமை தந்தது. ரிச்மண்ட் நகராட்சிக்கும் சதர்ன் பெல் குழுமத்துக்கும் இடையிலான வழக்கில், அவ்வுரிமை தொலைபேசிக்கும் உண்டு என்று குழுமம் கோரியது. 1899 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பேச்சை அனுப்பும் தொழில் அச்சட்டத்தின் 'டெலிகிராஃப்' என்ற சொல்லில் அடங்காது என்பது முடிவு. தனக்கு வசதியில்லாதபோது 'நாங்கள் டெலிகிராஃப் அல்லோம்' என்று லண்டனில் ஒரு குழுமமும், வசதியானபோது 'நாங்களும் டெலிகிராஃப்தான்' என்று ரிச்மண்டில் மற்றொரு குழுமமும் வாதிட்டன, இரண்டும் தோற்றன.

இவ்விரு முடிவுகளையும் முரண் என்று தள்ளுதல் பொருந்தாது. இங்கிலாந்துச் சட்டத்தில் விரிந்த வரையறை இருந்தது. நீதிமன்றம் வரையறையைப் படித்தது. அமெரிக்கச் சட்டம் சொல்லை அதன் வழக்குப் பொருளிலேயே விட்டிருந்தது. நீதிமன்றம் வழக்கைப் படித்தது. முன்னது விதித்த பொருள். பின்னது வழங்கும் பொருள். சொற்பொருளியலில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. மொழிபெயர்ப்பிலோ பெரும்பாலும் இவை பிரிக்கப்படுவதில்லை.

3.3 இந்தியாவில் மின்தந்தி கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1851 இல் பணிக்கு வந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882 தொடக்கத்தில் இயங்கின. 'இந்தியன் டெலிகிராஃப் ஆக்ட்' 1885 இல் வந்தது. அஃதாவது, இங்கிலாந்துச் சட்டம் தொலைபேசிக்கு முந்தியது. இந்தியச் சட்டம் பிந்தியது. பின்னாளைய திருத்தங்களுக்குப் பின் அதன் வரையறை, கம்பி வழியாகவோ வானொலி அலை முதலிய மின்காந்த உமிழ்வுகள் வழியாகவோ குறிகள், எழுத்து, உருவங்கள், ஒலிகள், எவ்வகைச் செய்தியையும் அனுப்பவோ பெறவோ பயன்படுகின்ற அல்லது பயன்படத்தக்க எந்தக் கருவியையும் தழுவுவதாக அமைந்தது.

இவ்விரிவின் பயன்கள் நடைமுறையில் பெரியவை. கம்பியில்லா நிலையங்களின் மின்கம்பிகள் 'டெலிகிராஃப் லைன்' என்பதில் அடங்குமா என்ற வழக்கில், 1962 இல் வெளியான தீர்ப்புத் தொகுப்பின்படி, அடங்கும் என்றே இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் இயற்றிய காலத்தில் சொல்லுக்கு இருந்த பொருளோடு சட்டமன்றத்தின் கருத்தைக் கட்டிப்போட இயலாது என்பது அதன் கொள்கை. தொலைபேசி ஒட்டுக்கேட்டல் பற்றி 1996 டிசம்பரில் அதே நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு, தொலைபேசி உரையாடலைத் தனிமனித அந்தரங்க உரிமையின் பகுதியாக ஏற்று, ஒட்டுக்கேட்பதற்கான நெறிமுறைகளை வகுத்தது. அங்கு அரசின் அதிகாரத்துக்கு அடிப்படையாக நின்றது 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவே. ஒரு குடிமகனின் தொலைபேசிப் பேச்சை அரசு எப்போது கேட்கலாம் என்பதற்கான விடை, 'தந்தி' என்று பெயரிட்ட சட்டத்தில் இருந்தது.

4. தமிழில் 'தந்தி', 'தொலைபேசி'

4.1 பெயரிடும் அடிப்படை. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் உடன்பிறந்தவை என்பது கேட்ட அளவில் புலப்படும். 'டெலி' பொது, பின்னொட்டு மட்டும் வேறு. தமிழில் இவ்வுறவு மறைந்துவிடுகிறது. 'தந்தி' என்பது வடமொழித் 'தந்த்ரீ' என்பதன் திரிபு. நரம்பு, கம்பி என்று பொருள்படும். வீணைத் தந்தி என்பது இன்றும் வழக்கு. செய்தி செல்லும் கம்பியின் பெயர் செய்திக்கு ஆகி வந்தது. 'யாழ் கேட்டான்' என்ற தொடரில் யாழ் இசைக்கு ஆவதுபோல இதுவும் கருவியாகுபெயரே. 'தொலைபேசி' என்பதோ செயலடிப்படையில் ஆக்கப்பட்ட சொல். 'பேசு' என்ற வினையடியில் கருவிப்பொருள் தரும் இகர விகுதி சேர்ந்தது. ஆக, ஆங்கில இணை செயல் - செயல் என்ற சமநிலை உடையது. தமிழ் இணை ஊடகம் - செயல் என்று சமநிலை இழந்தது.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியிலும் வங்காளத்திலும் 'தார்', கன்னடத்திலும் தெலுங்கிலும் 'தந்தி', மலையாளத்தில் 'கம்பி' எனக் கம்பியின் பெயரே செய்திக்கு வழங்கியது. தொலைபேசிக்கு ஆக்கப்பட்ட 'தூர்பாஷ்', 'தூரவாணி' முதலியன செயலடிப்படையின. ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் 'வயர்' என்ற சொல் இப்பொருளில் உண்டு. ஆயினும் அது சட்டச் சொல்லாகவில்லை. இந்திய மொழிகள் பேச்சுவழக்கின் உருவகத்தையே ஆட்சிச் சொல்லாக்கிக் கொண்டன எனலாம்.

4.2 இச்சமநிலைக் குலைவால் விளைவது என்ன? 'டெலிகிராஃப்' என்ற ஆங்கிலச் சொல் தொலைபேசியைத் தழுவுவதற்குத் தடை, 'எழுத்து' என்ற உறுப்பு. கம்பியில்லா முறையைத் தழுவுவதற்கு அச்சொல்லில் தடையே இல்லை. ஷாப்பின் கோபுரத்திலும் கம்பி இருந்ததில்லை. தமிழில் நிலை நேர்மாறு. 'தந்தி' என்பதன் சொற்பொருளில் எழுத்து இல்லை. கம்பிவழித் தொலைபேசியைத் தழுவ அதற்குத் தடையில்லை. தடை கம்பியில்லா முறையில் இருக்கிறது. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் வரும் 'ஒயர்லெஸ் டெலிகிராஃபி' என்பது தமிழில் 'கம்பியில்லாத் தந்தி' ஆகிறது. உறுப்புப்பொருளின்படி இது கம்பியில்லாக் கம்பி.

இத்தொடர் பாடநூல்களிலும் இதழ்களிலும் எவ்விதக் கூச்சமுமின்றி வழங்கியது, 'தந்தி' என்ற சொல்லில் கம்பிப்பொருள் மங்கிவிட்டதைக் காட்டுகிறது. 'தந்திக் கம்பி' என்ற தொடரும் அதற்கே சான்று. எள்ளின் நெய்யாகிய 'எண்ணெய்' எல்லா நெய்ப்பொருளுக்கும் பொதுவாகி, 'தேங்காயெண்ணெய்', 'மண்ணெண்ணெய்' என்றெல்லாம் கிளைத்து, எள்நெய்க்கே 'நல்லெண்ணெய்' என்ற புதுப்பெயர் தேவைப்பட்டது இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் வேறுபாடும் உண்டு. எண்ணெயின் விரிவு பேசுவோர் அனைவரின் வழக்கிலும் நிகழ்ந்தது. 'தந்தி' கம்பியில்லா முறைக்கு விரிந்தும், தொலைபேசிக்குப் பொதுவழக்கில் ஒருபோதும் விரியவில்லை. 'அது தந்தி அன்று, தொலைபேசி' என்பது எக்காலத்தும் பொருளுள்ள தொடர். 'இது எண்ணெய் அன்று, தேங்காயெண்ணெய்' என்பது அன்று.

4.3 வினையும் வேற்றுமையும். இவ்வேறுபாடு தமிழ்த் தொடரமைப்பிலும் பதிந்துள்ளது. 'அவருக்குத் தந்தி அடித்தார்', 'அவருக்குத் தந்தி கொடுத்தார்' என நான்காம் வேற்றுமை வரும். 'அவருடன் தொலைபேசியில் பேசினார்' என உடனிகழ்ச்சிப் பொருளில் மூன்றாம் வேற்றுமை வரும். 'அவருடன் தந்தி அடித்தார்' என்பது, இருவரும் சேர்ந்து மூன்றாமவருக்கு அடித்தனர் என்று மட்டுமே பொருள்படும். ஒருபோக்கு, உரையாடல் என்ற பொருட்கூறு வேற்றுமையுருபில் வெளிப்படுகிறது. 'அவருக்குப் போன் செய்தார்' என்ற வழக்கு இதற்கு மாறன்று. அழைக்கும் முயற்சி ஒருபோக்கானது. ஆதலால் நான்காம் வேற்றுமை. 'போன் செய்தார், அவர் எடுக்கவில்லை' என்று கூறலாம். 'அவருடன் தொலைபேசியில் பேசினார், அவர் எடுக்கவில்லை' என்று கூற இயலாது.

'அடி' என்ற வினையும் கருதத்தக்கது. விசையைத் தட்டியவர் தந்திப் பணியாளர். வாக்கியத்தின் எழுவாயாக நிற்பவரோ படிவத்தை நிரப்பிப் பணம் கட்டியவர். இடையாளின் செயல் அனுப்புவோர்மேல் ஏற்றப்பட்டது. 'கொடு' என்ற வினை அலுவலகச் சாளரத்தில் உண்மையில் நிகழ்ந்ததைக் கூறுகிறது. இரண்டும் ஒருங்கே வழங்கியமை, அச்செயலின் இரு முனைகளையும் மொழி நினைவில் வைத்திருந்ததைக் காட்டும்.

4.4 ஒரு சொல், இரு பொருள். ஆங்கிலம் 'டெலிகிராஃப்', 'டெலிகிராம்' என்று பிரித்ததைத் தமிழ் பிரிக்கவில்லை. 'தந்தி வந்தது' என்றால் செய்தி. 'தந்தி அலுவலகம்' என்றால் பணிமுறை. பொதுவழக்கில் சூழல் இதனைத் தெளிவாக்கும். சட்டவழக்கில் சூழல் போதாது. 1869-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின்படி, டெலிகிராஃப் வழியே அனுப்பப்படும் எந்தச் செய்தியும் 'டெலிகிராம்' ஆகும். இதனை வழக்கமான நிகரன்களால் பெயர்த்தால், 'தந்தி வழியே அனுப்பப்படும் செய்தி தந்தி ஆகும்' என்ற சுழல் வரையறை கிடைக்கும். 1880 தீர்ப்பின் முடிவு, 'தொலைபேசி என்பது தந்தி; தொலைபேசி உரையாடல் தந்தி' என்று முடியும். எந்த வாசகருக்கும் இது உளறலாகவே படும். மூலத்தின் வாதம் செம்மையானது. குறை நிகரன் பட்டியலைச் சார்ந்தது. 1885-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் 'டெலிகிராம்' என்பதை விடுத்துச் 'செய்தி' என்ற பொதுச்சொல்லை வரையறுத்தமையால், அதனைப் பெயர்ப்போர் இச்சுழலிலிருந்து தப்பினர்.

5. நிகரன் இடறும் பிற இடங்கள்

5.1 'டெலிகிராஃப் பிளான்ட்' என்று ஆங்கிலம் வழங்கும் செடியின் சிற்றிலைகள் கண்காணத் தாமே அசைவன. ஜகதீச சந்திர போஸின் ஆய்வுகளால் புகழ் பெற்றது. கோபுர மரக்கைகளின் அசைவை ஒத்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. 'தந்திச் செடி' என்று பெயர்த்தால் ஒப்புமை அழிந்துவிடும். கம்பிக்கும் அச்செடிக்கும் உறவில்லை. தமிழில் 'தொழுகண்ணி' என்ற பெயர் அதற்கு உண்டு. இலைகள் கூடித் தொழுவன போன்ற அதே அசைவைத் தமிழ் வேறொரு காட்சியாகக் கண்டிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவின் டெலிகிராஃப் குன்றும் கப்பல் வரவை மரக்கைகளால் அறிவித்த அமைப்பால் பெயர் பெற்றது. 'தந்தி' அங்கும் பொருந்தாது.

5.2 சாலையோரக் கம்பத்தைப் பிரித்தானிய ஆங்கிலம் 'டெலிகிராஃப் கம்பம்' என்றும், அமெரிக்க ஆங்கிலம் 'டெலிபோன் கம்பம்' என்றும் கூறுகின்றன. கம்பம் ஒன்றே. லண்டன் நாவலில் தந்திக் கம்பமும் சிகாகோ நாவலில் தொலைபேசிக் கம்பமும் நட்டுவைக்கும் மொழிபெயர்ப்பு, இல்லாத வேறுபாட்டை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் 'கம்பிக் கம்பம்' போதும்.

5.3 ஆங்கிலத்தில் 'டெலிகிராஃப்' வினையாகவும் உருவகமாகவும் வரும். குத்துச்சண்டையில் தன் அடுத்த குத்தை உடலசைவால் தன்னையறியாது முன்காட்டிவிடுவதற்கு இவ்வினை வழங்கும். இதற்குத் 'தந்தி அடித்துவிட்டான்' என்பது பொருந்தாது; வேண்டுமென்றே அறிவித்தான் என்ற எதிர்ப்பொருளைத் தரும். 'காட்டிக்கொடுத்துவிட்டான்' என்பது மூலத்துக்கு நெருக்கமானது. 'டெலிபோன்' என்ற வினைக்கு இத்தகைய உருவகம் இல்லை. தொலைவிலிருந்தே கண்ணால் கண்டறியத்தக்க குறி என்ற ஷாப் காலத்துப் பொருட்கூறு ஒன்றிலே தங்கியுள்ளது. மற்றதில் அது என்றும் இருந்ததில்லை.

6. முடிவுரை

6.1 'இந்தியத் தந்திச் சட்டம்' என்ற பெயர்ப்பைக் குறித்து இரு கருத்துகள் இயலும். சட்டச்சொல் விதித்த பொருளுடையது. பெயர் எதுவாயினும் வரையறை தன் பணியைச் செய்யும். ஆகவே 'தந்தி' நீடிக்கலாம் என்பது ஒன்று. வாசகர் வரையறையைத் தேடிச் செல்வதில்லை. 'தந்தி' என்றதும் வீட்டு வாயிலில் வந்த தாள்தான் நினைவுக்கு வரும். தம் தொலைபேசி அச்சட்டத்துக்கு உட்பட்டது என்று அவர் அறியார் என்பது மற்றொன்று. முதற்கருத்து வழக்கறிஞருக்குப் போதும், குடிமகனுக்குப் போதாது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திப் பணி நிறுத்தப்பட்ட பின்னரும் தொலைபேசிகளும் கைப்பேசிகளும் அதே சட்டத்தின்கீழ் இருந்தன. பெயர் சுட்டிய பணி மறைந்தபின் பெயரே வாசகரைத் திசைதிருப்புவதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான 'டெலிகிராம்' என்னும் செயலியைத் தமிழில் எவரும் 'தந்தி' என்று பெயர்ப்பதில்லை என்பதும், அச்சொல்லின் எல்லை மூடிவிட்டதைக் காட்டும்.

6.2 1885, 1933 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்கு மாற்றாக 2023 இல் இயற்றப்பட்ட சட்டம், 'டெலிகிராஃப்' என்பதைக் கைவிட்டு 'டெலிகம்யூனிகேஷன்' என்ற பேரினச் சொல்லை ஏற்றது. பன்னாட்டு டெலிகிராஃப் ஒன்றியம் தன் பெயரை இவ்வாறே மாற்றிக்கொள்ள 1932 இல் முடிவு செய்திருந்தது. தமிழின் 'தொலைத்தொடர்பு' இதற்கு முழுமையாக நிகராகிறது. எழுத்து, குரல், கம்பி ஆகிய மூன்றில் எதனையும் அது முன்னிறுத்தவில்லை. இனிமேல் வரும் ஆவணங்களில் சிக்கல் குறையும். ஆனால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புகளும் அரசாணைகளும் பழைய சொல்லிலேயே உள்ளன. அவற்றைப் பெயர்ப்போருக்குச் சிக்கல் நீடிக்கும்.

6.3 அவர்களுக்கு மூன்று நெறிகள் பயன்படும். சட்டத்தின் பெயராக வரும்போது நிலைத்துவிட்ட 'தந்திச் சட்டம்' என்பதை மாற்றாது கொள்ளலாம். அஃது இயற்பெயர் போன்றது. சட்டத்தின் உட்பொருளாக, விதித்த பொருளில் வரும்போது 'தந்திக் கருவியமைப்பு' என்று கருவிப்பொருளை வெளிப்படுத்தி, முதலிடத்தில் 'தொலைபேசி உள்ளிட்ட' என்ற அடையைத் தருதல் வேண்டும். செய்திப்பொருளுக்குத் 'தந்திச் செய்தி' என்று பிரித்தல் வேண்டும். பொதுவழக்கிலும் இலக்கியத்திலும் வரும்போது, நூலின் காலத்தையும் நாட்டையும் கண்டு, கோபுரமா, கம்பியா, தாளா, உருவகமா என்று அறிந்தபின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும். இந்நான்கையும் ஒரே நிகரனால் மூடிவிடும் சொற்பட்டியல் திருத்தப்பட வேண்டியது. அதில் 'டெலிகிராஃப்' என்ற தலைச்சொல்லின்கீழ் குறைந்தது நான்கு பொருள்கள் எண்ணிட்டுத் தரப்படல் வேண்டும். அவற்றுள் ஒன்றில் மட்டுமே தொலைபேசி அடங்கும் என்ற குறிப்பும் உடன் இடம்பெற வேண்டும்.